கொசுப்பெட்டி

ரோட்டர்டாமின் தெற்கில், டிராம் வளைந்து திரும்பும் முனையில்
எங்கள் கடை. கதவுக்கு மேலே
சோப்புக்கட்டி அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று.
மாலை நாலு மணிக்கு நான்தான் பொத்தானை அமுக்குவேன்.
சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
அதன் சத்தம் என் காதில் விழாது.
எனக்கு ஐம்பத்தொன்று.
இருபத்தைந்தைத் தாண்டினால் யாருக்கும் விழாதாம்,
மாட்டிவிட்டுப் போனவன் சொன்னான்.
பிள்ளைகளுக்கு மட்டும்
காதுக்குள் கொசு புகுந்ததுபோல் இருக்குமாம்.

சைக்கிளும் சிப்ஸ் பாக்கெட்டுமாய்
வாசலை அடைத்து நிற்பவர்களை விரட்ட
முதலாளி வாங்கியது. வேலை செய்தது.
ஃபெம்கே பல்லைக் கடித்தாள்.
சுஃபியான் தொப்பியை இழுத்துக் காதை மூடினான்.
கல் விழுந்த புறாக்கூட்டமாய் எழுந்தவர்கள்
டிராம் நிறுத்தத்தில் போய்த்தான் நின்றார்கள்.

டைமன் மட்டும் போகவில்லை.
சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி,
போனைப் பார்த்தபடி நின்றான்.
இரண்டு காதிலும் வெள்ளைப் பொத்தான்கள்.
அவற்றிலிருந்து கசியும் தாளம்
பால் அடுக்கிய வரிசைவரை வரும்.
அதனால்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் அவற்றில் சார்ஜ் தீர்ந்தது.
கழற்றிப் பையில் போட்டான்.
நான் அமுக்கினேன். மற்றவர்கள் பறந்தார்கள்.
அவன் வெறுங்காதோடு நின்றான்.
நின்றதோடு சரியா? இரண்டு கைகளையும் விரித்து
டிராம் நிறுத்தத்தைப் பார்த்துக் கூவினான்:
"எனக்கு ஒன்றும் ஆகாதுடா!"
அங்கிருந்து கைதட்டல், விசில்.
வாரம் முழுக்க அவன்தான் வீரன்.

நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தவறியது.
பதினாறு வயது முகம். அதன் இரு பக்கமும்
என் வயதுக் காது.

பெட்டி கெட்டிருந்தால் நன்றாக இருக்கும்.
அன்று மாலையே தள்ளுவண்டியில் ஒரு குழந்தை
வாசலைத் தாண்டும்போது வீறிட்டது.
கெடவில்லை.

வெள்ளிக்கிழமை மழை. உள்ளே வந்தான்.
"பை வேண்டுமா?" என்றேன்.
"கார்டுதான்" என்றான்.
மறுபடி கேட்டேன்.
என் உதடுகளைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருடம்
சுத்தியல்களுக்கு நடுவே நின்ற என் கணவன்
சாப்பிடுகிறாயா என்று கேட்டாலும் அப்படித்தான் பார்ப்பான்.
அவன் காதுக்குக் கம்பெனி காசு கொடுத்தது.
இந்தக் காதுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு அவனே கேட்டான், குரலைத் தாழ்த்தாமல்
(தாழ்த்துவது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை):
"ஃபிலோமேனா, இந்த ஃப்ரீசர் ராத்திரியும் இப்படித்தான் கத்துமா?"
"எந்த ஃப்ரீசர்?"
"இதுதான். ஈ... என்று."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அது ஓடவில்லை.
ஐஸ்கிரீமையெல்லாம் அள்ளிக் கொட்டி,
பிளக்கைப் பிடுங்கி, அட்டை ஒட்டியிருக்கிறோம்.
அட்டையைப் படித்தான்.
தரையில் கிடந்த வயரைப் பார்த்தான்.
நீச்சல் குளத்திலிருந்து ஏறியவன்போல்
தலையைச் சாய்த்துத் தட்டினான். மறுபக்கமும் தட்டினான்.
"வீட்டிலும் கேட்கிறது.
படுத்தால் கூடுதல்.
அதை மறைக்கத்தான் இதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன்."
அவன் உள்ளங்கையில் அந்த வெள்ளைப் பொத்தான்கள்
விழுந்த பால்பற்களாய்க் கிடந்தன.

டாக்டரிடம் காட்டு என்றேன்.
"என்ன?"
ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.
போன் உறைக்குள் மடித்து வைத்தான்.
போவானா, தெரியாது.

மணி நாலு. வெளியே மழை விட்டிருந்தது.
விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கவில்லை.
ஃபெம்கே ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்தாள்,
பின்னால் சுஃபியான்.
ஏன் இவர்கள் ஓடவில்லை என்று
டைமன் அண்ணாந்து பார்த்தான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நானும் பார்த்தேன்.

எரிகிறதா, அணைந்திருக்கிறதா,
அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது
எங்கள் இரண்டு பேருக்கும்.